ஞாயிற்றுக்கிழமை டானிக்

மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்கு இறங்குகிற சரிவு ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. வெளுத்த துணி மூட்டைகளை இறக்கிவிட்டு, அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போதுதான் வண்டியின் வயசு வெளியே வரும். அன்றைக்குப் போர்வையக்காவின் பிக்கப் பாதிச் சரிவில் நின்றுவிட்டது.

என்ஜின் அணையவில்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினால் உறுமியது, அவ்வளவுதான். மாடிப்படியில் சுமையோடு இளைத்து நிற்கிறவன் மாதிரி வண்டி அதிர்ந்துகொண்டு நின்றது. பின்னால் சிலிண்டர் வண்டி, அதற்கும் பின்னால் சமையலறைக்குக் காய்கறி கொண்டுவந்த வண்டி. இரண்டு பக்கமும் சுவர். கதவைத் திறந்தால் ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் திறக்கும். அழுகின முட்டை நாற்றம் வேறு எங்கிருந்தோ கிளம்பி உள்ளே வந்தது.

"அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று காய்கறிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினார்.

"தூங்குற எடமாப்பா இது? பின்னால எடு. நான் எறங்கி வரேன்."

மூன்று வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் இறங்கின. பாதி மூட்டையைக் கீழேயே போட்டுவிட்டு, வண்டியை இலேசாக்கி, ஓடிவருகிற மாதிரி வேகம் எடுத்து ஒருவழியாக மேலே ஏற்றினாள். மிச்ச மூட்டைக்கு இன்னொரு நடை. அதற்குள் கீழ்த்தளப் பொறுப்பாளர் சலவைக் கூடத்துக்குப் போன் போட்டு, புகைச் சான்றிதழ் இல்லாத வண்டி இனிமேல் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மூடின இடம், மேலே நோயாளிகள். அவர் சொன்னதில் தப்பில்லை. அக்காவின் சான்றிதழோ அந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

மருத்துவமனையிலும் பக்கத்துத் தெருக்களில் இருக்கிற தங்கும் விடுதிகளிலும் எல்லாருக்கும் அவள் போர்வையக்காதான். அம்பதைத் தொடுகிற வயசு. முன்பு அதே சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற மேசையில் நின்றவள். பிக்கப்பை ஓட்டியது அவளுடைய வீட்டுக்காரர். ஒரு மழைநாளில் சரக்கு மேடையிலிருந்து தள்ளுவண்டி நழுவி, அவரையும் சேர்த்துக் கீழே தள்ளியது. முதுகெலும்பில் அடி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு நடக்கிறார். ஆனால் கிளட்சை மிதிக்க இடது காலுக்கு வலு இல்லை, ரொம்ப நேரம் உட்காரவும் முடியாது. வண்டி வாசலில் சும்மா நின்றது. வீட்டில் அடுப்பு சும்மா நிற்க முடியாதே. அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டாள். பயிற்சிப் பள்ளியில் கொஞ்சம், வீட்டில் மிச்சம். அவர் கட்டிலில் படுத்தபடி சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு, "இப்ப திருப்பு, கிளட்ச விடு, மெதுவா விடு, ஐயோ நின்னுபோச்சு பாரு" என்று பாடம் நடத்துவார். இருவரும் சிரித்த காலம் அது.

பிறகு சிரிப்பு குறைந்து பாடம் மட்டும் மிஞ்சியது. கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இரண்டு அறை. சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலோரம் உயரமான ஒரு முக்காலி, அதன்மேல் திண்டு. அவரால் கொஞ்சமாவது உட்கார முடிந்த இடம் அதுதான். வண்டி சந்துக்குள் திரும்புகிற சத்தத்திலிருந்தே அவருடைய விசாரணை தொடங்கிவிடும். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "திருப்பத்துல ரெண்டாவது போட்டியா, மூணாவதுலயே வந்தியா?" என்பார். "பிரேக் கீச்சுனு சத்தம் போடுதே, கேக்கலையா ஒனக்கு?" என்பார். அவள் பகலெல்லாம் வண்டிக்குள் இருப்பாள். சாயங்காலம் வண்டி அவளுக்குள் ஏறிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் கீழே இறங்குவார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. பையில் டானிக் பாட்டிலோடு அவள் பின்னாலேயே போவாள். டானிக் என்பது அவர் வைத்த பெயர். என்ஜின் ஆயிலோடு கலக்கிற ஏதோ ஒரு கெட்டித் திரவம், பாட்டிலில் சிங்கப் படம் போட்டிருக்கும். பானட்டைத் தூக்கி, துணியால் அங்கங்கே துடைத்து, புனலை வைத்துத் தேன் மாதிரி இறங்குகிற அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். கண்ணாடிக் கடைக்காரர் கடைக்குள்ளிருந்து, "என்ன சார், வைத்தியம் நடக்குதா?" என்பார்.

"பின்ன? வயசானவங்களுக்கு டானிக் குடுக்காம விட்டா கெடக்கையா கெடந்துருவாங்க. என்னப் பாருங்க" என்பார் இவர்.

அன்றைக்கு மத்தியானம் மட்டும் அவர் மறுசோறு கேட்டுச் சாப்பிடுவார்.

சரிவில் நின்ற மறுநாள் அக்கா வண்டியை இருமல் டாக்டரிடம் கொண்டுபோனாள். சைலன்சரும் புகைக் குழாயும் மட்டுமே பார்க்கிற மெக்கானிக் அவர். வண்டிகளுக்கு இருமல் வந்தால் எல்லாரும் அவரிடம் போவதால் அந்தப் பெயர். ஆள் நல்லவர், வாய்தான் சும்மா இருக்காது. வண்டியைக் குழிமேல் நிறுத்தி, கீழே இறங்கி, முன்குழாயிலிருந்து ஒரு சென்சாரைக் கழற்றினார். "இப்ப மிதிங்க" என்றார். மிதித்தாள். காது கிழிகிற சத்தத்தோடு என்ஜின் துள்ளி எழுந்தது.

"பாத்தீங்களா? முன்னாடியே ஓட்ட போட்டு வழி விட்டா ஓடுது. அப்ப என்ஜின்ல கோளாறு இல்ல. கன்வெர்ட்டர் அடச்சிருக்கு." குழியிலிருந்து தலையை மட்டும் நீட்டி விளக்கினார். "சைலன்சருக்கு முன்னாடி இந்த டப்பா இருக்குல்ல, உள்ள தேன்கூடு மாதிரி இருக்கும். புகை அது வழியா போனா விஷம் கொறையும். அந்தக் கண்ணெல்லாம் அடச்சுப்போச்சு. வண்டி மூச்ச இழுக்குது, விட முடியல."

"தொறந்து கழுவ முடியாதா?"

"கழுவுறதுக்கு இது என்ன உங்க போர்வையா? மாத்தணும்."

"எத மாத்துறது?"

"அத நீங்கதான் முடிவு பண்ணணும். இதுல நாலு வழி இருக்கு. நாலுலயும் முள்ளு இருக்கு."

முதல் வழியை அவளே தேடிப் போனாள். வண்டிக் கம்பெனியின் காட்சிக்கூடம். குளிர்ந்த கூடம், கண்ணாடி மேசை, உட்கார்ந்தால் உள்ளே அமுங்குகிற சோபா. அங்கிருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள். இந்த மாடல் நின்று பல வருஷம் ஆகிறது, பாகம் கையிருப்பில் இல்லை, வெளியிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் எப்போது வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். விலையைக் கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வண்டியை விற்றால்தான் அந்தப் பாகத்தை வாங்கலாம், வாங்கி எதில் மாட்டுவது?

இரண்டாவது வழி தம்பியோடு வந்தது. அவளுடைய சொந்தத் தம்பி, பழைய கார் விற்கிற இடத்தில் வேலை. விஷயத்தைக் கேள்விப்பட்டுச் சாக்குப் பையில் எதையோ சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். "கம்பெனி சாமான்க்கா. உன் வண்டிக்கு அப்படியே உட்காரும்" என்று தரையில் வைத்தான். அவள் சாக்கை விலக்கிப் பார்த்தாள். டப்பாவெல்லாம் சாலைச் சேறு காய்ந்து கிடந்தது. ஆனால் இரண்டு முனையும் பளபளவென்று இருந்தன. புதிதாக அறுத்த இரும்பு.

"இது எங்க கெடச்சுது?"

"அதெல்லாம் எதுக்குக்கா கேக்குற?"

"போல்ட்டக் கழட்டி எடுக்காம ரம்பத்தால எவன்டா அறுப்பான்?"

தம்பி ஜன்னலைப் பார்த்தான். வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். "காலைல வண்டிய எடுக்க வந்து, எவனோ ஒருத்தன் தலைல கை வச்சிக்கிட்டு நின்னுருப்பான். அவனும் என்ன மாதிரிதான் மூட்ட ஏத்துறவனா இருப்பான். எடுத்துட்டுப் போ" என்றாள் அக்கா.

"உதவி பண்ண வந்தா இப்பிடித்தான்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தம்பி போனான். காப்பியைக் குடிக்காமல் போனது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இருக்கிற ஒரே உடன்பிறப்பு. அதற்குப் பிறகு பல நாள் அவன் போன்கூடச் செய்யவில்லை.

மூன்றாவது வழி இலவசம். பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னது. டப்பாவுக்குள் கம்பியை விட்டுக் குத்தித் தேன்கூட்டைத் தூள் தூளாக்கி வெளியே கொட்டிவிட்டால் வெறும் குழாய். வண்டி குதிரை மாதிரி ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. "எல்லாரும் இததான் பண்றாங்க. புகை டெஸ்ட்டுக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு" என்றார். ஒரு முழு ராத்திரி அவளுக்கு அந்த யோசனையில் ஆசை இருந்தது. மறுநாள் காலையில் கீழ்த்தளத்தில் மூட்டை இறக்கும்போது, தள்ளுபடுக்கையில் ஒரு பெரியவரை மின்தூக்கிக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயில் குழாய். யாருடைய புகையையும் விலக்க முடியாமல் அப்படியே படுத்திருந்தார். ஆசை போய்விட்டது.

மிஞ்சியது வெளிக் கம்பெனிகள் செய்கிற புதுப் பாகம். உதிரிபாகத் தெருவில் அதற்கே வரிசையாகக் கடைகள். முதல் கடையில் ஒருவர், "எல்லா வண்டிக்கும் ஒரே சைஸ் மேடம். அறுத்து வெல்டு வச்சா ஆச்சு" என்று வெள்ளி மாதிரி மின்னுகிற ஒன்றை நீட்டினார். கையில் வாங்கினாள். அப்பளம் மாதிரி இலேசாக இருந்தது. எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை ஒருத்தருக்கும் பொருந்தாது என்பது துணி மடித்த காலத்திலேயே அவளுக்குத் தெரியும். "சோதனை முத்திரை எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். அவர் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியில் படம்தான் இருந்தது.

தெருக்கோடியில் இருந்த கடைக்காரர் ஒன்றையும் எடுத்துக் காட்டவில்லை. கேள்விதான் கேட்டார். எந்த வருஷத்து வண்டி? அந்த வருஷத்தில் பாதியில் மாற்றினார்கள், முன்னதா பின்னதா? சென்சார் துளை ஒன்றா இரண்டா? என்ஜின் நம்பர் என்ன? அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தெருவிலேயே அட்டையை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்து ஊர்ந்து, போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ரெண்டு துளை. நல்ல வேளை கேட்டோம். ஒரு துளை சாமானைக் குடுத்திருந்தா மாட்டவும் முடியாது, திருப்பி வாங்கவும் மாட்டாங்க." பிறகு உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். கனமாக இருந்தது. இரண்டு முனையிலும் போல்ட் போடுகிற தட்டு. உடம்பில் எந்த என்ஜினுக்கு என்ற எண்ணும் சோதனை முத்திரையும் குத்தியிருந்தன. விலை அவள் பயந்த அளவுக்கு இல்லை, ஆசைப்பட்ட அளவுக்கும் இல்லை. இதுதான் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். நாளைக்கு வந்து வாங்குவதாகச் சொல்லிவிட்டு இருமல் டாக்டரிடம் போனாள்.

வண்டியைக் குழிமேல் ஏற்றி, அவர் பழையதைக் கழற்றி அறுத்துக் காட்டினார். தேன்கூட்டின் கண்கள் எங்கும் சாம்பல் நிறத்தில் ஏதோ பூசினாற்போல இருந்தது. அதற்குமேல் கறுப்புப் பிசின்.

"யாரு இந்த வண்டிக்கு ஆயில் ஊத்துறது?" என்றார்.

"ஏன்?"

"ஆயில் குச்சிய எடுத்துப் பாத்தேன். கோட்டுக்கு மேல ஒரு விரக்கட நிக்குது. அதுலயும் ஏதோ கெட்டிச் சாமான் கலந்திருக்கு. அதிகமான ஆயில் என்ஜினுக்குள்ள போயி எரிஞ்சு, அந்தக் கெட்டிதான் இங்க வந்து படிஞ்சிருக்கு. நீங்க தங்கத்துல கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுனாலும் இதேதான் நடக்கும். மொதல்ல ஊத்துறவரோட கையப் பிடிங்க."

அக்கா குழியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிடிக்க வேண்டிய கை எது என்று அவளுக்குத் தெரியும்.

"வீட்டுக்காரரா?" என்றார் இருமல் டாக்டர், குரலைத் தாழ்த்தி.

"ம்."

"சொல்லிடுங்க. பெரிய விஷயமா இது?"

"உங்களுக்கு இது ஆயில். அவருக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். வாரம் முழுக்க ஜன்னல். ஒரே ஒரு நாள், ஒரு பாட்டில். அதுவும் விஷமாகத்தான் ஆனது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் புதுசும் அடைக்கும், சான்றிதழ் போகும், வேலை போகும். சலவைக் கூடத்து முதலாளியம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: "புது வேன் வச்சிருக்கறவரு ஒருத்தரு அடிக்கடி வந்து கேட்டுட்டுப் போறாரும்மா. நான் உனக்காகத்தான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்." இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர்.

அவள் மூன்றாவது பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அது தப்பு என்று அப்போதே கொஞ்சம் தெரியும்.

புது கன்வெர்ட்டரை மாட்டி, ஆயிலை மாற்றி, சோதனையில் தேறிச் சான்றிதழ் வாங்கியாயிற்று. அந்தச் சனிக்கிழமை சிங்கப் பாட்டிலைக் காலி செய்து கழுவி, சாதா ஆயிலை நிரப்பி அதே இடத்தில் வைத்தாள். ஞாயிறு அவர் ஊற்றினார். திங்கட்கிழமை காலை இருமல் டாக்டரின் கடையில் நிறுத்தி, அவர் ஊற்றின அளவை வடித்து எடுத்தாள். அடுத்த வாரமும் இதே கதை. "நான் சைலன்சர் கடை வச்சிருக்கேனா, ரத்தம் எடுக்குற கடை வச்சிருக்கேனா?" என்று இருமல் டாக்டர் புலம்பிக்கொண்டே வடித்துக் கொடுத்தார்.

எத்தனை நாள் ஓடும்? கை பழகின மனுஷர் அவர். ஒரு ஞாயிறு, புனலில் ஊற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். பாட்டிலைச் சாய்த்தார், நிமிர்த்தினார். விரலில் ஒரு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணாடிக் கடைக்காரர் வழக்கம் போல ஏதோ சொன்னார். இவர் புனலை எடுத்துத் துடைத்தார். மூடியைத் திருகி அவளிடம் கொடுத்துவிட்டுப் படியேறத் தொடங்கினார்.

பாதிப் படியில் நின்றார். குறுகலான படிக்கட்டு. அவர் மேலே, அவள் கீழே. அவர் நகராமல் அவளால் ஏற முடியாது. அவர் தடுமாறினால் பிடிக்க வேண்டும் என்பதால் இறங்கிப் போகவும் முடியாது.

"எத்தன வாரமா?" என்றார் திரும்பாமலே.

"என்னதுங்க?"

"நடிக்காத. இது டானிக் இல்ல. தண்ணி மாதிரி ஓடுது."

அவள் சொன்னாள். சாம்பலை, பிசினை, கோட்டுக்கு மேல் நின்ற ஆயிலை, வடித்ததை. சொல்லச் சொல்ல அவருடைய கை கைப்பிடியில் இறுகுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆக, நான்தான் வண்டியக் கெடுத்தேன்."

"வேணும்னேவா கெடுத்தீங்க?"

"அத விடு. அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? எதுக்கு நாடகம்? மருந்துன்னு சொல்லிச் சக்கரத் தண்ணி குடுக்குற மாதிரி எனக்குப் பாட்டில மாத்தி வச்சிருக்க. நானும் சிங்கம் மாதிரி ஊத்திக்கிட்டு நின்னுருக்கேன். எத்தன பேருக்குத் தெரியும்?"

"மெக்கானிக்குக்கு மட்டும்தான். சொன்னா தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"ஒடஞ்சது முதுகு. காது ஒடையல. சொன்னா கேக்கும்."

அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம் வந்தது. "தாங்க முடியாதது உங்களால இல்ல, என்னால. காலைல அந்த வண்டி, மத்தியானம் அந்த வண்டி. வீட்டுக்குள்ள கால வச்சா வண்டியப் பத்திப் பரீட்ச. கன்வெர்ட்டருக்காக வண்டிக்கடியில நடுத்தெருவுல படுத்தேன். தம்பி பேச்ச விட்டுட்டான். இதுக்கு மேல நீங்க மூஞ்சத் திருப்பிக்கிட்டா அதையும் நான்தான் தூக்கணும். எங்கதான் எறக்கி வைக்கிறது நான்?"

கீழே கண்ணாடிக் கடையில் அறுக்கிற சத்தம் நின்றிருந்தது. கடைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் அடுத்த படிக்கு ஊன்றுகோலைத் தூக்கி வைத்தார். அவளும் பின்னாலேயே ஏறினாள். வேறு போக வழியில்லை.

அதற்குப் பிறகு அவர் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டார். கியரைப் பற்றிக் கேட்கவில்லை, பிரேக்கைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பிட வா என்றால் வந்தார். போதுமா என்றால் போதும் என்றார். எந்த அமைதிக்காக அவள் வருஷக்கணக்கில் ஏங்கினாளோ, அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுத்தது. ஒருநாள் வேண்டுமென்றே திருப்பத்தில் மூன்றாவது கியரில் வந்து வண்டியைக் குலுங்க வைத்துப் பார்த்தாள். மேலே போனால் ஜன்னலோரம் அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் சாவியை எடுக்கும்போது, அவர் சட்டை போட்டுக் கதவோரம் நின்றிருந்தார்.

"நானும் வரேன்."

"எங்கங்க?"

"நீ போற எடத்துக்கு."

"உட்கார முடியுமா? ஆஸ்பத்திரி, விடுதியெல்லாம் முடிய மத்தியானம் ஆயிரும்."

"முடியலன்னா சொல்றேன். அப்ப எறக்கி விட்டுரு."

முன்சீட்டைச் சாய்த்து, மடித்த போர்வைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார வைத்தாள். விபத்துக்குப் பிறகு அவர் அந்த வண்டிக்குள் ஏறுவது அதுதான் முதல் முறை. அதுவும் இந்தப் பக்கத்துச் சீட்டில். முதல் திருப்பத்தில் அவருடைய கை தானாகக் கியர் பக்கம் போனது. "ரெண்டாவது..." என்று தொடங்கினார்.

"நான்தான் ஓட்டுறேன்" என்றாள்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விடுதியின் பின்வாசலில், அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களின் தலைவி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இவரு யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரரு."

"ஓ, வாங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவள் மூட்டைகளை எண்ணப் போய்விட்டாள். அந்த வாசலில் பல வருஷம் வண்டி நிறுத்தியவர் அவர். ஒருத்தருக்கும் நினைவில்லை. ஆட்களெல்லாம் மாறியிருந்தார்கள். அவர் பக்கக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு மூட்டையை முட்டியில் சாய்த்து, இடுப்பில் ஏற்றி, அங்கிருந்து தோளுக்குத் தள்ளி, மேடையில் போட்டாள். அடுத்ததும் அப்படியே. திரும்பி வந்து ஏறியபோது அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது.

"தூக்குறதுக்கு ஆள் இல்லையா?" என்றார்.

"நீங்க இருந்தப்ப இருந்தாங்க. அப்பறம் நிறுத்திட்டாங்க."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கியரப் பத்தித்தான கேட்டீங்க."

மீதி வழியெல்லாம் அவர் பேசவில்லை. ஆனால் அது வீட்டிலிருந்த மௌனம் இல்லை. மருத்துவமனையில் கீழ்த்தளப் பொறுப்பாளர் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். அதில் உட்காராமல், சுவரில் சாய்ந்து நின்றபடி, சீட்டு கட்டின மூட்டைகளைத் தரம் பார்த்துச் சொன்னார், எது அறுவை அரங்குக்கு, எது வார்டுக்கு என்று. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் உபயோகமாகத்தான் இருந்தது.

வீடு திரும்பியபோது முதுகு வலியில் அவர் முகம் வெளுத்திருந்தது. வெந்நீர்ப் பையை வைத்து அவள் படுக்க வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய குரலில் சொன்னார்: "நாளைக்கும் வரேன். பழகிட்டா வலி தெரியாது. தெனமும் வரேன்."

அவருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் மருத்துவமனைக்கும் விடுதிக்கும் நடுவில் இருக்கிற அந்த நீளச் சாலை நினைவுக்கு வந்தது. ஒருவரும் அவளை ஒன்றும் கேட்காத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். சில நாள் அங்கே சத்தமாக எதையாவது பேசிக்கொள்வாள். சில நாள் அழுவாள். பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டாள், சும்மா ஓட்டுவாள். அவ்வளவுதான் அவளுக்கென்று இருந்தது.

வழக்கமாக என்றால், சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பாள். அன்றைக்குக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"தெனமும் வேணாங்க. வியாழக்கிழமை வாங்க. மத்த நாள் நான் தனியா போறேன்."

"ஏன், தொந்தரவா இருக்கா?"

"பாட்டில மாத்தி வைக்காம நேரா சொல்லச் சொன்னீங்கல்ல? சொல்றேன். அந்த வண்டிக்குள்ள தனியா இருக்கறதுதான் எனக்கு ஓய்வு. அது இல்லன்னா எனக்கு முடியாது."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் பார்வையை விலக்கவில்லை.

"அப்ப மத்த நாள்ல நான் என்ன பண்றது?" என்றார். அதில் சண்டை இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"தெரியலீங்க" என்றாள். "அத எனக்கும் சேத்து நீங்க யோசிங்க. எல்லாத்தையும் நானே யோசிச்சு முடியல."

வெந்நீர்ப் பை ஆறிப்போயிருந்தது. அவள் அதை எடுக்கக் கை நீட்டினாள். "இருக்கட்டும், நானே எடுத்துக்கறேன்" என்று அவர் மெதுவாகப் புரண்டார். புரள ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் உதவப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்திருப்பது மூட்டை தூக்குவதை விடக் கஷ்டமாக இருந்தது.

இப்போதும் வியாழக்கிழமைகளில் அவர் வருகிறார். வலி அதிகமான வாரம் வருவதில்லை. மற்ற நாட்களில் ஜன்னலோரம்தான். சில சாயங்காலம் மறந்துபோய் கியரைப் பற்றிக் கேட்டுவிடுவார், பாதியில் நிறுத்திக்கொள்வார். தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று முதலாளியம்மாவுக்கு அவரே போன் செய்து சண்டை போட்டார். ஆள் வரவில்லை, பார்க்கலாம் என்ற பதில்தான் வந்தது. கடைசியில் தம்பிதான் ஒருநாள், கோபம் ஆறாத முகத்தோடே, சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்றைக் கொண்டுவந்து பிக்கப்பில் ஏற்றிவிட்டுப் போனான். "பில்லு இருக்கு, வேணும்னா பாத்துக்கோ" என்றான். அவள் பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனான்.